நாடா கட்டுகிறவர்

பரங்கிமலை உச்சியில், தென்மேற்குப் பக்கத்துச் சுவரோரம் நிற்கிறேன். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை. ராத்திரி ஒரு மழை அடித்து ஓய்ந்திருக்கிறது. கல் பாவிய தரையின் குழிகளில் தண்ணீர். அதில் மாதா கோவிலின் வெள்ளைச் சுவர் காற்றுக்கு நடுங்குகிறது. கீழே மீனம்பாக்கத்து ஓடுபாதை ஈரத்தில் கறுத்துக் கிடக்கிறது. இருபுறமும் புல் ஒரே ராத்திரியில் தெளிந்துவிட்டது.

நான் பருந்து பார்க்க வருகிறவன். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் பைனாகுலர் ஒன்று கழுத்தில் தொங்கும். வெயில் ஏற ஏற, மலையை ஒட்டி எழும்பும் சூட்டுக்காற்றில் கரும்பருந்துகள் வட்டமிட்டு மேலே போவதைப் பார்க்கத்தான் வரத் தொடங்கினேன். மூன்றாவது வாரம், தாழப் பறந்த ஒரு பருந்தின் பின்னாலேயே கண்ணாடியைக் கொண்டுபோனபோது புல்வெளியில் அவர் நின்றார். அன்றிலிருந்து பருந்தைவிட அவரைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

பெயர் தெரியாது. இந்தத் தூரத்துக்கு முகமும் தெரியாது. ஆரஞ்சு நிற ஜாக்கெட், தலையில் துணித்தொப்பி. வயது நடையில் இருக்கிறது. முழங்காலை முழுக்க நம்பாமல் அடியெடுத்து வைக்கிறவர், ஐம்பதைத் தாண்டியிருப்பார். கூட ஓர் இளைஞன் வருவான். கூரையில் விளக்குச் சுழலும் மஞ்சள் ஜீப் அவர்களை இறக்கிவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்கும்.

இன்று கம்பு ஊன்றுகிறார்கள். ஓடுபாதையிலிருந்து வெகு தள்ளி, சுற்றுச்சுவர்ப் பக்கமாக. இளைஞன் சுருளைப் பிடித்துக்கொள்ள, அவர் நாடாவை இழுத்துக்கொண்டு அடுத்த கம்புக்கு நடக்கிறார். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் சிவப்பு. இழுத்து அப்படியே கட்டிவிடுவதில்லை. கையை மணிக்கட்டிலிருந்து திருப்பித் திருப்பி, நாலைந்து முறுக்குக் கொடுத்து, கொஞ்சம் தொய்வும் விட்டு முடிச்சுப் போடுகிறார். இளைஞன் கட்டிய ஒன்று விறைப்பாக நிற்கிறது. அவர் திரும்பி வந்து அதை அவிழ்க்கிறார். மறுபடி முறுக்குகிறார். கையை நீட்டிக் காற்று வரும் திசையைக் காட்டுகிறார். என்ன சொன்னார் என்று கேட்காது. ஆனால் எனக்குத் தெரியும். தட்டையாகக் கட்டிய நாடா வெறும் கோடு. முறுக்கிக் கட்டியதுதான் காற்றுக்குத் துள்ளும், வெயிலுக்கு வெட்டும், ம்ம்ம் என்று பாடும்.

தெரிந்ததற்குக் காரணம் என் தாத்தா. செய்யாற்றங்கரையில் எங்களுக்கு முக்கால் காணி நெல். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் சில்லைகள் கூட்டமாக இறங்கும். பழுதாகிப்போன கேசட்டுகளிலிருந்து நாடாவை உருவி வயலுக்குக் குறுக்கே கட்டுவது அப்போது ஊரெங்கும் இருந்த வழக்கம். பாட்டு நின்றுபோன நாடா ஆடிக்காற்றில் வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும். அதோடு வைக்கோல் பொம்மை. அந்தப் பொம்மை விஷயத்தில் தாத்தாவுக்கு ஒரு முறை உண்டு. பொம்மைக்குப் போடப்போகும் சட்டையை முதலில் இரண்டு நாள் அவர் போட்டுக்கொள்வார். பொம்மை நிற்கவேண்டிய இடத்தில், கையை விரித்துக்கொண்டு, அசையாமல் நிற்பார். குருவி இறங்கியதும் மண்ணாங்கட்டியால் ஒரு வீச்சு. மூன்றாம் நாள் சட்டை பொம்மைக்குப் போகும். நாலைந்து நாளில் குருவிகள் பொம்மையின் தோள்மேலேயே உட்காரத் தொடங்கியதும், சட்டை திரும்பவும் தாத்தா உடம்புக்கு வரும். பொம்மை வேறு வரப்புக்குப் போகும். "குருவி நம்மள எண்ணிக்கிட்டே இருக்குதுடா" என்பார்.

பறவைகளைப் பற்றி நான் பிறகு படித்த எதுவும் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போகவில்லை. புதிதாக எதைக் கண்டாலும் பறவை முதலில் விலகும். விலகி நின்று கணக்குப் பார்க்கும். நாடா மின்னியது, ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் மின்னியது, அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. சில நாளில், மிஞ்சிப்போனால் சில வாரத்தில், நாடா வெறும் செடிகொடி மாதிரி ஆகிவிடும். உலகத்து விமான நிலையங்கள் கண்ணுக்குக் காட்டி விரட்டும் எத்தனையோ பொருள்களை முயன்று பார்த்திருக்கின்றன. வல்லூறு வடிவப் பட்டங்கள், பெரிய கண் வரைந்த பலூன்கள், கொடிகள், செத்த பறவை மாதிரித் தலைகீழாகத் தொங்கும் உருவங்கள், வைகறையிலும் அந்தியிலும் புல்மேல் ஓடவிடும் பச்சை லேசர் கோடு, நெதர்லாந்தில் உருவாகிக் கனடாவின் எட்மண்டன் வரை போன இறக்கையடிக்கும் இயந்திர வல்லூறு. எல்லாவற்றின் ஆயுளும் பறவை கணக்கை முடிக்கும் வரைதான். அதற்குள் இடத்தை மாற்றவேண்டும், நேரத்தை மாற்றவேண்டும், பொய்க்கு நடுவில் ஒரு நிஜமான அடியும் விழவேண்டும்.

அவர் ஒவ்வொரு ஞாயிறும் கம்பைப் பிடுங்கி வேறிடத்தில் ஊன்றுவது அதனால்தான். போன வாரம் ஆற்றுப்பக்கம் இருந்தது. அதற்கு முந்தின வாரம் இன்னும் மேற்கே.

வெயில் மலையைத் தாண்டிப் புல்வெளியில் விழுகிறது. ஒரே விநாடியில் நாடாக்கள் அத்தனையும் பற்றிக்கொள்கின்றன. எனக்கு இங்கே பொடிப்பொடி மின்னலாகத் தெரிவது பறவைக்கு என்னவாகத் தெரியுமோ. நம் கண்ணுக்கு ஒரே தொடர்ச்சியாகத் தோன்றும் வேகமான துடிப்பு அவற்றுக்குத் தனித்தனி வெட்டாகத் தெரியும். பல பறவைகளுக்குப் புற ஊதா ஒளியும் தெரியும். புறாவுக்குத் தலையைத் திருப்பாமலே முதுகுப்பக்கம்வரை பார்வை உண்டு. அப்படிப்பட்ட கண்ணை ஏமாற்ற, இரண்டு கண்களை நேர்முன்னால் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி முடிச்சுப் போட்டிருக்கிறார். புல்லில் மேய்ந்திருந்த உண்ணிக்கொக்குகள் ஏழெட்டு எழும்பி அடையாற்றுப் பக்கம் போகின்றன. இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றைப் பாலமாகக் கடக்கிறது. 2015 டிசம்பரில் இதே ஆறுதான் பெருகி வந்து விமான நிலையத்தை மூழ்கடித்துச் சில நாள் மூடவைத்தது. தண்ணீர் இருக்கும் இடத்தில் கொக்கு இருக்கும். அதை எந்த நாடாவும் ஆற்றிலிருந்து பிரித்துவிடாது.

ஏழரை. ஈசல் கிளம்புகிறது.

மழை நனைத்த மண்ணிலிருந்து, புகை மாதிரி. பைனாகுலரில் ஈசல் தெரியாது. ஈசலைத் தின்ன வருகிறவை தெரியும். முதலில் மைனாக்கள், தரையிலேயே ஓடி ஓடி. பிறகு காகங்கள். பிறகு மேலிருந்து பருந்துகள், ஒன்று, மூன்று, பதினொன்று. ஈசலைப் பிடிக்கும் பருந்து அலகை நீட்டுவதில்லை. பறந்தபடியே காலால் பிடித்து, பறந்தபடியே காலை வாய்க்குக் கொண்டுபோய்த் தின்னும். பார்க்க அத்தனை அழகு. ஒரு மாதத்துக்கு முன் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்திருப்பேன். இப்போது என் கண் தானாகவே கிழக்கே திரும்புகிறது. தென்மேற்குக் காற்றுக் காலம், விமானங்கள் கிழக்கிலிருந்துதான் இறங்கும். வானத்தில் ஒரு விளக்கு தெரிகிறது, பெரிதாகிக்கொண்டே.

அவரும் பார்த்துவிட்டார். நாடாச் சுருளை இளைஞன் கையில் கொடுத்துவிட்டு ஜீப்புக்கு ஓட்டமும் நடையுமாகப் போகிறார். ஜீப் பருந்துகளை நோக்கி விரைகிறது. அவர் இறங்குகிறார், கை உயர்கிறது, ஒரு வெள்ளைப் புகை. நான் எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம்தான் வெடிச்சத்தம் மலைக்கு வந்து சேர்கிறது. பருந்துகள் சிதறுகின்றன. ஆனால் நேராக ஓடுவதில்லை. ஒரு வட்டம் போட்டு, எழும்பி, மறுபடி அதே இடத்துக்கு மேலே. மறுபடி புகை. மறுபடி நான்கு.

இறங்கும் விமானத்தின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் விநாடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர். 300 மீட்டர் முன்னால் பருந்து தெரிந்தால் விமானிக்கு இருப்பது நான்கே விநாடி, சத்தம் இந்த மலைக்கு வந்துசேரும் நேரம். பருந்தின் எடை ஒரு கிலோகூட இருக்காது. ஆனால் வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 1960 அக்டோபரில் பாஸ்டனில் ஒரு விமானத்தின் இன்ஜின்களில் புகுந்தவை உள்ளங்கைக்குள் அடங்கும் ஸ்டார்லிங் குருவிகள். 62 பேர் செத்தார்கள். 2009 ஜனவரியில் நியூயார்க்கில் கனடா வாத்துக்கூட்டம் இரண்டு இன்ஜினையும் நிறுத்தியது. சல்லன்பெர்கர் என்ற விமானி ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார். 2024 டிசம்பரில் தென்கொரியாவின் முவானில் அப்படி வாய்க்கவில்லை. இரண்டு இன்ஜின்களிலும் பைக்கால் கிளுவையின் மிச்சங்கள் கிடைத்தன. சக்கரம் இறங்காமலே தரையைத் தொட்ட விமானம் ஓடுபாதைக்கு அப்பாலிருந்த கான்கிரீட் மேட்டில் மோதியது. 181 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள்.

சக்கரம் தரையைத் தொடுகிறது, நீலப்புகை எழுகிறது. அவர் ஜீப்பின் கதவில் கையூன்றி நிற்கிறார். விமானத்தை அவர் பார்க்கவில்லை. தலை மேலே இருக்கிறது, பருந்துகளை எண்ணுகிறார்.

விமானத்தில் ஏறும்போது இன்ஜினின் நடுவே வெள்ளைச் சுழி ஒன்று வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பறவையை மிரட்ட என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது தரையில் வேலை செய்கிறவர்களுக்காக, இன்ஜின் சுற்றுகிறது, கிட்டே வராதே என்று சொல்வதற்காக. ஆனால் 1980களில் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் அதே இடத்தில் நிஜமாகவே கண்களை வரைந்து பறக்கவிட்டுப் பார்த்தது. இன்று மலையேறி வரும் வழியில் பாதி கட்டிய வீடு ஒன்றின் மாடியில் திருஷ்டி பொம்மை தொங்கியது. உருட்டிய கண், நீட்டிய நாக்கு. கண்ணைக் கண்ணால் விரட்டுவது என்ற நினைப்பு மனிதர்களுக்கு எல்லா ஊரிலும் ஒன்றாகவே தோன்றியிருக்கிறது. 2020-ல் அகமதாபாத் விமான நிலையத்தில் குரங்குகளை விரட்ட ஊழியர் ஒருவர் கரடி வேஷம் போட்டுக்கொண்டு ஓடினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த உரோம உடைக்குள் வேர்த்துக்கொண்டிருந்த உடம்புதான் நினைவில் நின்றது. தாத்தா பொம்மையின் சட்டைக்குள் நின்றதைப் போல, அங்கேயும் பொம்மைக்குள் ஓர் ஆள்.

எட்டேகாலுக்கு ஒரு குடும்பம் வந்து என் பக்கத்தில் நிற்கிறது. அப்பா, அம்மா, ஆறேழு வயதுப் பெண் குழந்தை. அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

"அப்பா, அங்க ஆரஞ்சா ஒண்ணு நிக்குது பாரு."

"எங்கடா? ஓ, அதுவா. சோளக்கொல்லை பொம்மை மாதிரி ஏதோ வெச்சிருக்காங்க கண்ணு. காக்கா வராம இருக்க."

நான் பேசவில்லை. பைனாகுலரைக் கொடுத்திருக்கலாம். அவர் அப்போது நாடாக்களுக்கு நடுவில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார், காற்றைப் பார்க்கிறவர் போல. ஒரு நிமிஷம் எனக்கே பொம்மையாகத்தான் தெரிந்தார்.

"பொம்மை நடக்குதுப்பா" என்கிறாள் குழந்தை. அப்பா அதற்குள் விமானத்துக்குத் திரும்பிவிட்டார்.

மலைக்கு நேர்மேலாக ஒரு பருந்து கடக்கிறது. ஈசல் தீர்ந்து திரும்புகிற பறவை, காலில் எதையோ பற்றிக்கொண்டு. கண்ணாடியை உயர்த்துகிறேன். மின்னுகிறது. ஒரு முழம் நீளம், காற்றில் நெளிகிறது. தின்பண்ட உறையின் கிழிசலாக இருக்கலாம். நாடாவின் துண்டாகவும் இருக்கலாம். ஸ்பெயினின் டொஞானா காடுகளில் கரும்பருந்துகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர்கள் 2011-ல் எழுதியதைப் படித்திருக்கிறேன். முட்டையிடுவதற்கு முன் பருந்து தன் கூட்டை வெள்ளை பிளாஸ்டிக் துண்டுகளால் அலங்கரிக்கிறது. வலுவுள்ள ஜோடிதான் நிறைய அலங்கரிக்கும். கிட்டே வராதே, இந்த இடத்தைக் காக்க என்னால் முடியும் என்று மற்றப் பருந்துகளுக்கு அது சொல்லும் சொல்தான் அந்த அலங்காரம். ஆக, மின்னும் துண்டைக் கட்டி எல்லையைக் காப்பது அவருக்கு மட்டும் தெரிந்த வித்தையில்லை. நாடாவைப் பார்த்துப் பயப்படவேண்டிய பறவை, அதே மாதிரி ஒன்றைத் தன் வீட்டு வாசலில் கட்டும்.

பருந்து போகும் திசையிலேயே கண்ணாடியைத் திருப்புகிறேன். சுவருக்கு இந்தப் பக்கம் ஊர். விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் கால்நடை அறுக்கக்கூடாது, பறவையை இழுக்கும் குப்பை கொட்டக்கூடாது என்று விமான விதிகளிலேயே இருக்கிறது. பத்து கிலோமீட்டர் என்றால் பம்மல், பொழிச்சலூர், குரோம்பேட்டை, வேளச்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிப் பல பத்தாண்டுகளாகக் குப்பை விழுந்த பெருங்குடி எல்லாம் அதற்குள் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை. எத்தனையோ தெருமுனைகளில் இந்நேரம் கோழிக்குடலும் மீன் செதிலும் வாளியில் நிரம்பிக்கொண்டிருக்கும். அதில் பாதி திறந்த சாக்கடைக்கோ காலிமனைக்கோ போகும். என் வீட்டு மீன்கழிவு எங்கே போகிறது என்று நான் இதுவரை கேட்டதில்லை. ஊர் மொத்தமும் தின்றுவிட்டுக் கொட்டியதற்கு வந்த விருந்தாளிகளை, முழங்கால் வலிக்கும் ஒரு மனிதர் வெள்ளி நாடாவைக் காட்டிப் போகச் சொல்கிறார். இது நியாயமில்லை என்று கத்தவேண்டும் போலிருக்கிறது. மலைமேல் யாரிடம் கத்துவது.

ஒன்பது மணிக்கு அவர் ஓடுபாதை ஓரமாக ஜீப்பில் மெல்லப் போகிறார். ஓரிடத்தில் நிற்கிறது. இறங்கிக் குனிகிறார். எடுத்தது என்ன என்று தெரியவில்லை, கைக்குள் அடங்கிவிட்டது. பிளாஸ்டிக் பையில் போடுகிறார். பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து எழுதுகிறார். எழுதி முடித்தபின்னும் கொஞ்ச நேரம் பையைப் பார்த்தபடி நிற்கிறார். பாஸ்டன் விபத்துக்குப் பின் அப்படி வந்த சிறகுத் துணுக்குகளைக் கழுவி உலர்த்தி, நுண்ணோக்கியில் வைத்து இன்ன பறவை என்று சொன்னவர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ராக்சி லேபோர்ன் அம்மையார். நம் பக்கத்தில் கோவை ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி மையத்தில் மரபணுவைக் கொண்டு கண்டுபிடிக்கிறார்கள். எந்தப் பறவை என்று தெரிந்தால்தான் அது எதைத் தின்ன வந்தது என்று தெரியும். அது தெரிந்தால்தான் புல்லை எவ்வளவு வளரவிடுவது, எந்தப் பள்ளத்தை மூடுவது என்று தெரியும். நாடா கட்டும் வேலையின் மறுபாதி அந்தப் பைக்குள் இருக்கிறது.

வெயில் உறைக்கத் தொடங்கிவிட்டது. குடும்பம் இறங்கிப் போய்விட்டது. நானும் கிளம்பலாம் என்று கண்ணாடியை உறைக்குள் வைக்கப்போகும்போது சுற்றுச்சுவர்ப் பக்கம் ஏதோ வெள்ளையாக அடிக்கிறது. மறுபடி எடுக்கிறேன்.

ஆள்காட்டி. இரண்டு. கறுப்பும் வெள்ளையுமாகச் சிறகு விரித்து, மாறி மாறி அவர் தலைமேல் பாய்கின்றன. காலையில் ஊன்றிய கடைசிக் கம்பின் பக்கத்தில் நிற்கிறார். ஜீப் இல்லை, தனியாக. அந்தப் பறவைகள் நாடாவைப் பொருட்படுத்தவே இல்லை. அந்தக் கூச்சல் இங்கே கேட்காது. கேட்டவர்களுக்குத் தெரியும், கல்லும் திரும்பிப் பார்க்கும். ஆள்காட்டி கூடு கட்டாது. வெட்டவெளியில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கி, கல்லின் நிறத்திலேயே முட்டை வைக்கும். பக்கத்தில் போகிறவன் மிதித்தாலொழியக் கண்ணில் படாது.

அவர் குனிகிறார். தரையைத் தடவுகிற மாதிரி மிக மெல்லக் குனிகிறார். ஒரு பறவை அவர் முதுகை உரசிக்கொண்டு போகிறது. கையை வீசவில்லை. காலையிலிருந்து எத்தனை தடவை வீசிய கை. தொப்பியைக் கழற்றுகிறார். நரைத்த தலை வெயிலில் தெரிகிறது. தொப்பியைத் தரையில் வைத்து, எதையோ ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கிறார். மூன்று முறை. இல்லை, நான்கு.

நிமிர்ந்து சுவரோரமாக நடக்கிறார், தென்கோடியில் புதர் அடர்ந்திருக்கும் மூலையை நோக்கி. பறவைகள் இரண்டும் விடாமல் கூடவே. கிழக்கு வானத்தில் அடுத்த விளக்கு. ஜீப் தூரத்திலிருந்து அவரை நோக்கி வருகிறது, விளக்குச் சுழல்கிறது, இளைஞன் சன்னல் வழியே கையசைத்துக் கூப்பிடுகிறான். அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடக்கிறார். வேகம் கூட்டவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருக்கிறார்.